ரஷ்ய இலக்கியம் பதிப்பிக்கும் நண்பர்களுக்கு, ஒரு வக்கீலுக்காக

வணக்கம்.

டால்ஸ்டாயும் தஸ்தயேவ்ஸ்கியும் வருஷா வருஷம் புது அட்டையோடு வருகிறார்கள். நல்லது, நாங்களும் வாங்குகிறோம். அடுத்த பட்டியல் போடும்போது பிரான்சிஷக் பகுஷேவிச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஒன்றே ஒன்று: அட்டையில் 'ரஷ்யக் கவிஞர்' என்று போட்டுவிடாதீர்கள். வாழ்ந்தது ரஷ்யப் பேரரசில். கவிதை எழுதியது பெலாருசிய மொழியில்.

1840இல் வில்னா (இன்றைய லித்துவேனியத் தலைநகர் வில்னியஸ்) பக்கம் பிறந்தவர். 1863இல் ஜார் ஆட்சிக்கு எதிரான எழுச்சியில் சேர்ந்தார். அப்புறம் உக்ரைனுக்குப் போய், நீஜினில் சட்டம் படித்து, கொனோடோப் என்ற சிற்றூரில் பல வருடம் நீதிமன்றப் புலன்விசாரணை அதிகாரியாக இருந்தார். 1884இல் வில்னா திரும்பி வக்கீல் தொழில்.

நீதிமன்றமும் சிறையும் அவர் கவிதைகளில் அடிக்கடி வரும். ஆனால் பேசுவது வக்கீல் அல்ல, அங்கே மாட்டிக்கொண்ட குடியானவன். ஒரு கவிதையில் அவன் தன்னையே 'காக்கை மாதிரி மடையன்' என்று சொல்லிக்கொள்கிறான். குத்து யாருக்கு என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

பெலாருசிய மொழி ரஷ்ய மொழியின் ஒரு வட்டார வழக்குதான் என்பது அன்றைய ஜார் அரசாங்கத்தின் வாதம். அந்த மொழியில் அங்கே நூல் அச்சிடுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதனால் முதல் தொகுப்பு 1891இல் எல்லை தாண்டி, அப்போது ஆஸ்திரியாவின் கையில் இருந்த கிராக்கவ் நகரில், மாச்சேய் புராச்சோக் என்ற புனைபெயரில் வந்தது. பெயரும் பேச்சும் ஒரு கிராமத்தானுடையவை.

எனக்குக் கவிதைகளைவிட அதன் முன்னுரைமேல்தான் ஆசை. நம் மொழி 'குடியானவன் மொழி' என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். அப்புறம் வக்கீல் புத்தி வேலை செய்கிறது. சாட்சியாகப் பழைய காகிதங்களை எடுத்து வைக்கிறார். இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முன் பெரிய பிரபுக்கள் எழுதியவை, எல்லாம் இதே மொழியில், இன்று எழுதியதுபோல. இது வெறும் பெருமைப் பேச்சு அல்ல. லித்துவேனியப் பெருங்கோமகன் நாட்டின் (இன்றைய லித்துவேனியாவும் பெலாருசும் அடங்கிய பழைய அரசு) 1588ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு அம்மொழியின் பழைய வடிவில்தான் அச்சானது. வில்னா வட்டாரத்தில் அது செல்லாது என்று ஜார் அரசு அறிவித்தது 1840இல், இவர் பிறந்த அதே வருஷம்!

இரண்டாம் தொகுப்பு 1894இல் போஸ்னானில் வந்தது. 1900இல் குஷ்லியானியில், தன் பண்ணை வீட்டில் காலமானார்.

இரண்டுமே மெலிந்த நூல்கள், சேர்த்தே போடலாம். முன்னுரைகளை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். போலிஷ், ரஷ்யன், ஆங்கிலம் வழியாகத்தான் மொழிபெயர்க்க முடியும் என்றால் சரி, அதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பெலாருசியன் தெரிந்த ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது. முன்வெளியீட்டுத் திட்டம் அறிவித்தால் என் பணம் உடனே வந்து சேரும்.

அன்புடன்,
உங்கள் வாசகர்