காதுவில்லை ரீடரின் ப்ளூடூத் கோளாறு: நான்காவது புகார்

அனுப்புநர்: ஆட்டுப் பண்ணை உரிமையாளர், இராசிபுரம் வட்டம், நாமக்கல் மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றுக்கும் "தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே பதில்தான் வந்தது.

ஆட்டின் காதில் மாட்டிய அடையாள வில்லையின் எண்ணைப் படிக்கும் உங்கள் ரீடரை அதன் காதருகே கொண்டுபோனால் பீப் ஒலிக்கிறது, 15 இலக்க எண் திரையில் தெரிகிறது. அதில் குறையில்லை. அந்த எண் அங்கிருந்து கைபேசிக்கோ எடைமேடைக்கோ நகரத்தான் மறுக்கிறது. ப்ளூடூத் இணைப்புக்குக் கேட்ட குறியீடாக 0000, 1234 இரண்டையும் போட்டேன். கைபேசி 'இணைந்தது' என்றது. உங்கள் செயலியோ 'கருவி இல்லை' என்றது. எடைமேடையும் இணைப்புக்கான அழைப்புக்குக் காத்திருந்தது, ரீடரும் காத்திருந்தது. முறுக்கிக்கொண்ட சம்பந்திகள் போல. ரீடரை அழைக்கும் நிலைக்கு மாற்றுவது எப்படி என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. செய்தவர்கள் நீங்கள், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

உதவி எண்ணில் ஒருவர் ரீடரை கீபோர்டு முறைக்கு, அதாவது எண்ணைத் தட்டச்சு போலக் கைபேசிக்கு அனுப்பும் முறைக்கு, மாற்றச் சொன்னார். மாற்றியதும் கைபேசியின் எழுத்துப் பலகை மறைந்துபோனது. எண்களெல்லாம் திறந்திருந்த வாட்ஸ்அப்பில் விழுந்தன. 356 என்று தொடங்கும் எண்கள் வரிசையாக வந்ததைப் பார்த்துவிட்டு என் மைத்துனர், "மாமா, யார் கணக்குக்குப் பணம் போட வேண்டும்?" என்று கேட்டார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பிறகு பேசிய உங்கள் ஊழியரைத்தான் பொறுக்க முடியவில்லை. "ஆடு மேய்ப்பவருக்கு ப்ளூடூத் எதற்கு? நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். ஆமாம் ஐயா, ஆடுதான் மேய்க்கிறேன். நான்கு கிடாய்களை விற்றுத்தான் உங்களுக்கு 48,000 ரூபாய் கட்டினேன். நோட்டில் எழுதப் பத்து ரூபாய்ப் பேனா போதாதா?

அதற்கு முந்தைய வாரம் கோவை சேவை மையத்துக்குப் போனதைச் சொல்ல மறந்துவிட்டேன். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி, சேலத்தில் பஸ் மாறி, காந்திபுரத்தில் இறங்கினேன். அங்கிருந்த தம்பி தன் கைபேசியில் இரண்டே நிமிடத்தில் இணைத்துக் காட்டி, "கருவி நன்றாகத்தானே இருக்கிறது" என்று 590 ரூபாய் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து ரீடரைப் போட்டால், அது இன்னும் அவருடைய கைபேசியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது! திரையில் அவர் பெயர் மின்னுகிறது. அழிக்கப்போனால் கடவுச்சொல் கேட்கிறது. அதைக் கேட்டு அழைத்தபோதுதான் அந்த நோட்டுப் பேச்சு.

நோட்டில்தான் எழுதினேன். பதினைந்து இலக்கத்தில் ஒன்று தவறி, இரண்டு ஆடுகளின் எடை இடம் மாறிவிட்டது. பக்ரீத்துக்கு அறுபது உருப்படி கேட்டிருந்த வியாபாரி பட்டியலை நம்பாமல் வேறு பண்ணைக்குப் போய்விட்டார். ஒன்றரை லட்சம் நஷ்டம். பத்து வருடமாகச் சேர்த்த பெயரே போய்விட்டது.

அந்தக் கோவைத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. அவரைத் திட்ட வேண்டாம். கடவுச்சொல்லைக் குறுஞ்செய்தியில் அனுப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு ஆள் வரட்டும், நான் மறுபடி பஸ் ஏறமாட்டேன். 15 நாளில் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமும் கிடையாது, விசாரித்துவிட்டேன். தயவுசெய்து அதுவரை போக விடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், பஸ் டிக்கெட்டுகள், மைத்துனருக்குப் போன எண்களின் படம்.