கிளாம்ப் போட்ட நிமிடங்களுக்கு ஒரு தாள்: கொங்கு மண்டல மருத்துவமனைகளுக்குத் திறந்த மடல்

கோவை, ஈரோடு, சேலம், திருப்பூர் பகுதிகளில் குழந்தைகளுக்கு இதய அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனை நிர்வாகத்தாருக்கும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அலுவலர்களுக்கும் வணக்கம். அறுவை அரங்கில் இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட்கள் இதை எழுதுகிறோம்.

தாளவாடியிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் தாராபுரத்துத் தோட்டத்துச் சாளைகளிலிருந்தும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஓட்டை அடைபடுகிறது, தையலில் குறையில்லை. ஆனாலும் சில குழந்தைகளின் இதயம் ஐ.சி.யூ.வில் துவண்டு கிடக்கிறது, மருந்துக்கு மேல் மருந்து ஏற்ற வேண்டியதாகிறது. தையல் போடுவதற்காக இதயத்தை நிறுத்திவைத்த அந்த ஒரு மணி நேரத்தில் தசை காக்கப்பட்டதா என்பதை அப்போது தேடினால் பல இடங்களில் பதிவே இருப்பதில்லை. நாங்கள் கேட்பது இதுதான்: ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த நிமிடங்களுக்கென்று ஒரு தாள். அதை விருப்பத்துக்கு விடாமல் கட்டாயமாக்க வேண்டும்.

பெருந்தமனியில் கிளாம்ப் என்னும் கவ்வியைப் போட்டதும் இதயத் தசைக்கு இரத்தம் நின்றுவிடுகிறது. பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கார்டியோப்ளீஜியா கரைசலை, இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோனரி நாளங்களுக்குள் செலுத்தித் துடிப்பை நிறுத்துகிறோம். துடிக்காத, குளிர்ந்த தசைக்கு ஆக்சிஜன் தேவை மிகக் குறைவு. குழந்தைகளுக்குப் பல மையங்களில் இப்போது டெல் நீடோ கரைசலைத்தான் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 1990களின் தொடக்கத்தில், வளர்ச்சி முற்றாத குழந்தை இதயத்தை மனத்தில் வைத்து உருவாக்கியது அது. கிலோவுக்கு 20 மி.லி. கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் வரை ஒரே தவணை போதும் என்பது பரவலான நடைமுறை.

சிக்கல் கலக்கும் மேசையில் தொடங்குகிறது. மூலச் செய்முறை ஒரு லிட்டர் பிளாஸ்மாலைட்-ஏ திரவத்துக்கு எழுதப்பட்டது: பொட்டாசியம் குளோரைடு 26 மில்லி ஈக்விவலன்ட், 20 சதவீத மானிட்டால் 16.3 மி.லி., 50 சதவீத மெக்னீசியம் சல்பேட் 4 மி.லி., 8.4 சதவீத சோடியம் பைகார்பனேட் 13 மி.லி., 1 சதவீத லிக்னோகைன் (மரத்துப்போக வைக்கும் மருந்து) 13 மி.லி. நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஆம்ப்யூல்கள் எல்லாமே இந்தச் செறிவில் இருப்பதில்லை. பைகார்பனேட் 7.5 சதவீதமாக வரும், அதில் ஏறக்குறைய 14.6 மி.லி. எடுக்க வேண்டும். லிக்னோகைன் 2 சதவீத வயல் என்றால் 6.5 மி.லி.தான். செய்முறையில் 13 என்று இருப்பதைப் பார்த்து அப்படியே 13 மி.லி. இழுத்துவிட்டால் குழந்தைக்கு இரட்டிப்பு அளவு போய்விடும், கிளாம்பை எடுத்த பிறகும் இதயம் எழச் சுணங்கும். 15 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலில் மி.லி.க்கு 2 மில்லி ஈக்விவலன்ட் என்ற கணக்கில் 13 மி.லி. வரும், அதாவது 10 மி.லி. ஆம்ப்யூல் ஒன்றும் அடுத்ததில் 3 மி.லி.யும். மானிட்டால் பாட்டில் குளிர்ந்தால் அடியில் ஊசி ஊசியாகப் படிகம் கட்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, படிகம் தெரிந்தால் வெதுவெதுப்பாக்கிக் கரைத்து, ஃபில்டர் வழியாகவே எடுக்க வேண்டும். பிளாஸ்மாலைட் கிடைக்காத இடத்தில் ரிங்கர் லாக்டேட்டில் கலக்கிறார்கள். அதில் கால்சியம் உண்டு, மூலக் கரைசலில் கிடையாது. எதில் கலந்தோம் என்பதையாவது எழுதிவைக்க வேண்டாமா? திருப்பூர்ச் சாயப்பட்டறையில் ஒரு லாட் துணிக்கு எத்தனை கிராம் சாயம் என்று அட்டை கட்டித் தொங்கவிடுகிறார்கள். குழந்தையின் இதயத்துக்குப் போகும் பைக்கு அந்த அட்டையாவது வேண்டும்: கலந்தவர், சரிபார்த்த இரண்டாமவர், நேரம், ஒவ்வொரு மருந்தின் செறிவு.

கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை வேறு. 4 கிலோ குழந்தைக்கு மொத்தமே 80 மி.லி.: கலந்து கொடுக்கும் இரத்தம் 16, கரைசல் 64. நீளமான குழாயில் 30 மி.லி. நின்று அறைச்சூட்டுக்கு வந்திருந்தால், தவணையின் முதல் பங்கு குளிர்ச்சியில்லாமல்தான் போகும். அதனால் குழாயைக் குறுக்குங்கள், கிளாம்புக்குச் சற்று முன்பு குளிர்ந்த கரைசலைச் சுற்றிவிடுங்கள். ஐஸ் தொட்டியின் வெப்பநிலையை எழுதினால் போதாது, குழந்தைக்குள் போகும் முனையில் 8 முதல் 12 டிகிரி இருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தத்திலும் இதே ஏமாற்றம் உண்டு. கரைசலைச் செலுத்தும் கேனுலா (நுனிக்குழல்) சிறியதாக இருப்பதால் குழாயின் அளவி அதிகம் காட்டும், அது பெருந்தமனி வேரின் அழுத்தம் ஆகாது. பச்சிளங்குழந்தைக்கு வேரில் 30 முதல் 50 மி.மீ. பாதரசம் போதும். அதற்கு மேல் தள்ளினால் தசையில் நீர் கோத்துக்கொள்ளும். பெருந்தமனி வால்வு கசிந்தால் கரைசல் இடது கீழறைக்குள் இறங்கி அதை உப்ப வைக்கும், தசைக்குப் போய்ச் சேராது. அப்போது பெருந்தமனியைத் திறந்து கரோனரி வாயிலேயே நேரடியாகக் கொடுக்க வேண்டும். கொடுத்து முடித்ததும் ஈ.சி.ஜி. கோடு தட்டையாகிவிட்டதா என்பதும், பின்னால் எப்போதாவது அலை எழுந்ததா என்பதும் நிமிடக் கணக்கோடு தாளில் ஏற வேண்டும்.

இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து நீலம் பாய்ந்த குழந்தைகள் தனி வகை. பெருந்தமனியிலிருந்து நுரையீரலுக்குப் போகும் பக்கக் கிளைத் தமனிகளின் வழியே திரும்பும் இரத்தம் இதயத்தைச் சூடாக்கிக் கரைசலைக் கழுவிவிடுகிறது. அங்கே ஒன்றரை மணி நேரக் கணக்கை நம்பக் கூடாது. இயந்திரத்தில் ஏற்றிய உடனே ஆக்சிஜனை முழுதாகத் திறந்துவிடுவதும் தவறு. குறைந்த ஆக்சிஜனுக்குப் பழகிய தசையை அந்தத் திடீர் வெள்ளமே புண்ணாக்கும். குழந்தைக்கு ஏற்கெனவே இருந்த அளவை ஒட்டித் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

இதயத்தின் மேல் ஐஸ் கொட்டும் பழக்கத்தைக் குறையுங்கள். பக்கத்திலேயே ஓடும் ஃப்ரெனிக் நரம்பு மரத்துப்போனால் உதரவிதானம் அசையாது. கைக்குழந்தை மூச்சுக்கு நம்பியிருப்பதே அதைத்தான்.

கிளாம்பை எடுக்கும் முன் இதயத்துக்குள் புகுந்த காற்றை வெளியேற்றியதை எழுதுங்கள். வலது கரோனரி முன்பக்கம் மேலே இருப்பதால் மிச்சக் குமிழி முதலில் அங்கேதான் ஏறும், வலது கீழறை திடீரென உப்பும். எடுத்த முதல் சில நிமிடங்கள் அழுத்தத்தைத் தாழ்வாகவே வைத்திருங்கள், கால்சியத்தை அவசரப்பட்டு ஏற்றாதீர்கள்.

காப்பீட்டு அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தை இதய அறுவைக்கான தொகையை விடுவிக்கும்போது டிஸ்சார்ஜ் சுருக்கத்துடன் இந்தத் தாளின் நகலையும் கேளுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வராது. முதல் வரி குழந்தையின் எடையாக இருக்கட்டும். அட்மிஷன் அன்று எழுதிய எடை வேண்டாம், அறுவைக்கு அன்று காலையில் நிறுத்துப் பார்த்த எடை வேண்டும். மற்ற எல்லா அளவும் அதிலிருந்துதான் பிறக்கின்றன.