மகன் காண்ட்ராக்டர், அப்பா தலைவரா?

திருமங்கலம்

அன்புள்ள மாப்ளே சோமு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை விடாமல் போடு, உச்சி வெயிலில் தோட்டத்துப் பக்கம் போகாதே. இங்கே மூத்தவளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நலம்.

தேர்தல் அறிவித்தால் ஊராட்சித் தலைவருக்கு நிற்கப் போவதாக எழுதியிருக்கிறாய். எனக்கு ரொம்பச் சந்தோஷம். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பழையவர்களின் பதவிக்காலம் முடிந்து, ஊர் தனி அலுவலர் கைக்குப் போனதில் உனக்கு எவ்வளவு ஆதங்கம் என்று எனக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேர் உன்னிடம் படித்தவர்கள். தாராளமாக நில்.

ஆனால் அதற்கு அடுத்த வரியில்தான் எனக்குத் தூக்கம் போய்விட்டது. "மகன் எடுக்கும் வேலைகளை அவன் மச்சான் பேருக்கு மாற்றிவிட்டால் சிக்கல் இல்லையே?" என்று கேட்டிருக்கிறாய். சிக்கல் இருக்கிறது மாப்ளே.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊராட்சியோடு நடப்பில் உள்ள ஒப்பந்தத்தில் பங்கு இருப்பவர் போட்டியிட முடியாது, ஜெயித்த பிறகு அப்படியொரு பங்கு சேர்ந்தாலும் பதவிக்கு ஆபத்து என்று 1994-ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டம் சொல்கிறது. பேரை மாற்றினால் காகிதத்தில் தப்பிக்கலாம் என்று உனக்கு யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். காகிதத்தில் தப்பித்தவர்களை யூனியன் ஆபீஸில் இருந்த காலத்தில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சிமெண்ட் ரோடு வேலை. எடுத்தவர் தலைவருக்குச் சம்பந்தி முறை. அளக்கப் போன ஓவர்சியரோடு நானும் போயிருந்தேன். ஓரத்தில் மண்ணைத் தள்ளிவிட்டு ஸ்கேலை வைத்தார். ஆறு அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் நாலுதான் இருந்தது. தலைவர் பக்கத்தில்தான் நின்றார், வாயே திறக்கவில்லை. டீ வாங்கி வரச் சொன்னார், அவ்வளவுதான். ஓவர்சியர் என்னைப் பார்த்தார், அளவு எழுதும் எம்-புக்கைப் பார்த்தார், ஆறு என்று எழுதினார். திரும்பும்போது வண்டியில், "தலைவர் வீட்டு வேலை சார், எப்படிக் குறைச்சு எழுதுறது?" என்றார். அங்கே ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை மாப்ளே. யாரும் யாரையும் மிரட்டவும் இல்லை. லஞ்சம் என்றால் போலீஸில் புகார் கொடுக்கலாம், இதை எங்கே போய்ச் சொல்வது? அடுத்த மழைக்கே அந்த ரோடு பெயர்ந்துவிட்டது.

பில்லுக்குப் பணம் கொடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். உன் மகனுடைய மச்சானின் பில்லில் நீ கையெழுத்துப் போடும்போது, எதிரே இருக்கும் கிளார்க் உன் முகத்தைப் பார்த்துத்தான் பேனாவை நீட்டுவான். நீ நேர்மையானவன் என்பது எனக்குத் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்?

இது நம் காலத்துப் பிரச்சினை மட்டும் இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டு, பராந்தக சோழன் காலத்தது, கி.பி. 919, 921. குடவோலை என்றதும் எல்லாரும் தேர்தல் நடந்த முறையைத்தான் பேசுகிறோம். வாரியத்தில், அதாவது ஊர்க் காரியம் பார்க்கும் குழுவில், இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. அதோடு விடவில்லை. அவன் தகப்பன், மகன், மாமன், மாமனார், சகோதரியின் கணவன், மருமகன் என்று உறவுகளைப் பேர் சொல்லி அடுக்கி, அவர்களுக்கும் ஓலை எழுதக் கூடாது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். ஊரே மாமன் மச்சானாக இருக்கும் நம் பக்கத்துக்கு இந்தப் பட்டியல் எவ்வளவு பொருந்துகிறது பார்! மச்சான் பேரில் மாற்றும் யோசனை அவர்களுக்கும் பழக்கம்தான் போலிருக்கிறது.

இதைச் சரியாகச் செய்தவர்களும் உண்டு. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு அம்மா தலைவராக இருந்தார்கள். ஊராட்சிக் கடை ஒன்றைத் தன் கொழுந்தன் கேட்டபோது, அந்தப் பொருள் கூட்டத்துக்கு வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார்கள். "இதில் என் குடும்பத்துக்குச் சம்பந்தம் உண்டு, நான் கலந்துகொள்ளவில்லை" என்று மினிட் புத்தகத்தில் எழுத வைத்தார்கள். பிறகு தண்டோரா போட்டு ஏலம் விட்டார்கள். கடை வேறொருவருக்குப் போனது. கொழுந்தன் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த அம்மா காலத்தில் ஊராட்சிக் கணக்கைப் பற்றி ஒருத்தர் வாய் திறந்ததில்லை. நம் மதுரைக்குக் கலெக்டராக வந்த சகாயம், 2009-ல் நாமக்கல்லில் இருந்தபோது தன் சொத்து விவரத்தை மாவட்ட இணையதளத்தில் போட்டாரே, அதே துணிச்சல்.

கிராம சபையை நினைத்தால் எனக்கு நம்பிக்கையும் வருகிறது, கோபமும் வருகிறது. 2024 நவம்பரில் அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். மேலூர் பக்கமே எழுந்து நின்றது. 2025 ஜனவரியில் சுரங்க ஏலம் ரத்தானது. அவ்வளவு பலம் உள்ள சபை அது. வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. வரவு செலவு படிக்கும்போது மட்டும் ஏன் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்? நீ தலைவரானால் முதல் கிராம சபையிலேயே, எந்த வேலை யாருக்குப் போயிருக்கிறது, அவர் உனக்கு என்ன உறவு என்று வாய்விட்டுப் படி. கூட்டம் கலையாது பார்.

அதற்கு முன்னால் உன் மகனிடம், அதாவது என் மருமகனிடம், நீயே பேசு. உன் பதவிக்காலம் ஐந்து வருஷமும் நம் ஊராட்சியில் அவன் பேரிலோ மச்சான் பேரிலோ ஒரு வேலையும் எடுக்கக் கூடாது. வேறு ஒன்றியத்தில் எடுக்கட்டும், யார் கேட்கப் போகிறார்கள்? லாரிக் கடன் இருக்கிறது, வருமானம் குறையும், எனக்குத் தெரியாமல் இல்லை. அவன் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நீ மனு போடாதே. உன் மேல் உள்ள பிரியத்தில்தான் இவ்வளவு கறாராக எழுதுகிறேன்.

தங்கச்சி இதற்கு என்ன சொல்கிறாள் என்று நீ எழுதவே இல்லை. பேரனுக்குப் பேர் வைக்கும் விசேஷத்துக்கு மூன்று பேரும் வாருங்கள். மருமகன் என்னிடம் நேரிலேயே சண்டை போடட்டும்.

அன்புடன்,
பாண்டி