2025–26 ஆண்டறிக்கை: நாம் படித்த ஊர், மிட்டன்வால்ட்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான நமது வட்டத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மியூனிக்கிலும் அதற்குத் தெற்கே உள்ள சிற்றூர்களிலும் குடியிருக்கும் நாம், ஆண்டுக்கு ஓர் ஊரை எடுத்துக்கொண்டு அதன் நிலம், வரலாறு, நிர்வாகம் மூன்றையும் படிப்பது என்று வைத்திருக்கிறோம். இந்த ஆண்டு கூட்டங்கள் குறைவில்லாமல் நடந்தன. ஆகஸ்டில் மட்டும் பலரும் ஊருக்குப் போயிருந்ததால் கூடவில்லை. நூலகப் பெட்டிக்குப் புதிய வரைபடங்கள் வாங்கியிருக்கிறோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

சென்ற பொதுக்குழுவில் மூன்று ஊர்களின் பெயர்கள் முன்மொழியப்பட்டன. கைதூக்கி எடுத்த முடிவில் மிட்டன்வால்ட் வென்றது. வயலின் கற்கும் பிள்ளைகளின் பெற்றோர் நம்மில் பலர் என்பதுதான் அதற்குக் காரணம் என்று அப்போது நினைத்தேன். ஆண்டு முடிவில், அந்தப் பெற்றோருக்கு மனமார நன்றி சொல்கிறேன்.

மிட்டன்வால்ட் ஜெர்மனியின் தெற்கு விளிம்பில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி, ஈசார் ஆற்றின் மேல் பள்ளத்தாக்கில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். மியூனிக்கிலிருந்து ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்திற்குள் போய்விடலாம். ஏழாயிரத்துச் சொச்சம் மக்கள். கிழக்கே கார்வென்டல் மலை வீட்டுக் கூரைகளின் மேல் சாய்ந்து நிற்பது போல எழுகிறது. மேற்கே வெட்டர்ஷ்டைன் தொடர், அதன் முன்னே காடு மூடிய கிரான்ஸ்பெர்க், இடையில் லாவ்டர்சே, ஃபெர்ஹென்சே என்னும் இரண்டு சிறு ஏரிகள். ஊரின் பெயருக்கு ‘காட்டின் நடு’ என்று பொருள். இன்றும் அந்தப் பெயர் பொருந்துகிறது.

ஜூன் மாதப் பயணத்தில், ரயிலுக்குப் பதிலாகப் பாதி வழியில் பஸ் விட்டதால் ஒன்றரை மணி நேரம் இழந்தோம். குழந்தைகளோடு வந்தவர்கள் பட்ட சிரமத்திற்கு வருந்துகிறேன். அடுத்த முறை முதல் நாள் மாலையே பாதை அறிவிப்பைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன்.

போன பிறகு நிலத்தைப் பார்த்தோம். மிட்டன்வால்டுக்கும் அடுத்துள்ள க்ரூன், வால்காவ் ஊர்களுக்கும் இடையில் உள்ள புல்வெளிகள் வேறெங்கும் பார்க்காதவை. பனியுகம் முடிந்த பிறகு உருவான மேடு பள்ளங்கள் ஆயிரக்கணக்கில், இட்லித் தட்டைக் கவிழ்த்தது போலக் கிடக்கின்றன. இயந்திரம் ஓட்ட முடியாததால் அரிவாள் பிடித்துத்தான் புல் அறுக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டில் இதில் பெரும்பகுதியைச் சமன் செய்துவிட்டார்கள். எஞ்சியவை இன்று பாதுகாக்கப்படுகின்றன. ஒரு மேட்டின் உச்சிக்கும் அதன் பள்ளத்திற்கும் இடையில் முழங்கால் உயரம்தான். ஆனால் உச்சியில் வளரும் செடி வேறு, பள்ளத்தில் வளரும் செடி வேறு. நம் தாவரவியல் ஆசிரியை அம்மையார் அங்கே மண்டியிட்டு உட்கார்ந்தவர், அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

மியூனிக்கில் நாம் தினமும் பாலத்தில் கடக்கும் ஈசார்தான் இந்த ஊர் வழியாக வருகிறது. க்ரூனில் ஓர் அணை அதை மறித்து, வால்ஹென்சே மின் நிலையத்திற்குத் தண்ணீரைத் திருப்புகிறது. 1924இல் அந்த நிலையம் இயங்கத் தொடங்கிய பின் பல பத்தாண்டுகள் அணைக்குக் கீழே ஆற்றுப்படுகை வெறும் கூழாங்கல்லாகக் கிடந்தது. 1990 முதல்தான் கொஞ்சம் தண்ணீரை ஆற்றுக்கே விடுகிறார்கள். காவிரியில் தண்ணீருக்காகக் காத்திருந்த ஊர்களில் பிறந்த நம் உறுப்பினர்கள் இதைக் கேட்டதும் நெடுநேரம் பேசினார்கள். அந்தக் கூட்டம் குறித்த நேரத்தில் முடியவில்லை, முடிக்க எனக்கும் மனம் வரவில்லை.

வரலாற்றுக்கு ஐந்து கூட்டங்கள் ஒதுக்கினோம். பாதை இருந்ததால்தான் இந்த ஊர் இருக்கிறது. ஆல்ப்ஸைக் கடந்து ஆக்ஸ்பர்க் நோக்கிச் சென்ற ரோமானியச் சாலை இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போனது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதி ஃப்ரைசிங் நகரத்துக் கத்தோலிக்க ஆயர்களின் கைக்கு வந்தது. வெர்டன்ஃபெல்ஸ் சீமை என்ற பெயரில் 500 ஆண்டுகளுக்கு மேல், பவேரிய அரசுக்கும் தெற்கே உள்ள மலைநாடான டிரோலுக்கும் நடுவே தனித்து நின்றது. 1803 வாக்கில் தேவாலயச் சொத்துகள் அரசுடைமையானபோதுதான் இது பவேரியாவோடு சேர்ந்தது.

ஊரின் பொற்காலம் வேறு இரண்டு பேரின் சண்டையில் பிறந்தது. 1487இல் டிரோலின் ஆட்சியாளர் சிகிஸ்முண்டுக்கும் வெனிஸுக்கும் போர் மூண்டது. அதுவரை டிரோலைச் சேர்ந்த போட்சன் நகரத்துச் சந்தைக்கு வந்துகொண்டிருந்த வெனிஸ் வணிகர்கள் தங்கள் சந்தையை மிட்டன்வால்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். 1679 வரை, ஏறத்தாழ 200 ஆண்டுகள் அது இங்கேயே நடந்தது. தெற்கிலிருந்து பட்டும் பருத்தியும் பழங்களும் மசாலாப் பொருள்களும் வந்தன. வெனிஸ் விற்ற மிளகு மலபார் கரையில் விளைந்தது. அப்படியானால் நம் பக்கத்து மிளகு மூட்டை இந்தத் தெருவில் இறங்கியிருக்கிறது என்று தலைவர் சொன்னபோது அறையில் ஒரு சலசலப்பு எழுந்ததை எல்லோரும் நினைவில் வைத்திருப்பீர்கள்.

மூட்டையை யார் சுமப்பது என்பதிலும் ஒரு முறை இருந்தது. அதற்கு ‘ரோட்’ என்று பெயர். வெளியூர் வண்டி ஊருக்குள் சரக்கை இழுத்துக்கொண்டு நேராகப் போய்விட முடியாது. சரக்கைக் கிடங்கில் இறக்க வேண்டும். அங்கிருந்து அடுத்த ஊர் வரை இந்த ஊர் வண்டிக்காரர்கள்தான், முறை வைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்றிச் செல்வார்கள். ஒரு பகுதி சரக்கு மரத்தெப்பங்களில் ஈசார் வழியே மியூனிக் போனது. சரக்கை இறக்கியதும் தெப்பத்தையும் பிரித்து மரமாக விற்றுவிட்டு, தெப்பக்காரர்கள் கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே திரும்புவார்களாம். இன்றும் அந்தக் கிடங்கின் பெயரில் ஒரு சந்து இருக்கிறது, பாலன்ஹவுஸ்காஸ. வயலின் அருங்காட்சியகம் அந்தச் சந்தில்தான் இருக்கிறது.

சந்தை போன பிறகு ஊர் என்ன ஆனது என்பது இந்த ஆண்டு நாம் அதிகம் பேசிய பொருள். 1653இல் இங்கே பிறந்த மத்தியாஸ் க்ளோட்ஸ் இத்தாலியின் படுவாவில் லூட் என்னும் நரம்பிசைக் கருவி செய்பவர் ஒருவரிடம் வேலை பார்த்து, 1680களில் ஊர் திரும்பி வயலின் செய்யத் தொடங்கினார். 1743இல் இறந்தார். தேவாலயத்தின் முன்னே, 1890இல் வைத்த சிலையில் அவர் குனிந்து வேலை செய்கிறார். க்ளோட்ஸ் ஒருவரே ஊரைக் காப்பாற்றினார் என்று பொதுவாகச் சொல்வதை நம் துணைச் செயலாளர் மறுத்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மலையில் மெதுவாக வளர்ந்த ஸ்ப்ரூஸ் மரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 200 ஆண்டுகள் வணிகம் செய்த ஊருக்கு வெளியூர்த் தொடர்பு இருந்தது. மகன்களும் பேரன்களும் தொழிலை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஒரு வீட்டில் கழுத்து, ஒரு வீட்டில் சுருள்தலை, ஒரு வீட்டில் உடல் என்று பிரித்துச் செய்து, தரகு வணிகர்களிடம் கொடுத்தார்கள். வயலின் வணிகரின் பெயரோடு உலகம் சுற்றியது. செதுக்கியவர்களுக்குக் கிடைத்தது சொற்பக் கூலி. காஞ்சிபுரம் தறி வீடுகளை அறிந்த உறுப்பினர் ஒருவர், இதை எனக்கு விளக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். 1858இல் தொடங்கிய வயலின் செய்யும் பள்ளி இன்றும் நடக்கிறது.

ஒரு பட்டறையின் ஜன்னலுக்கு வெளியே நாங்கள் நின்ற பத்து நிமிடங்களை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். வார்னிஷ் பூசாத வயலின்கள் கம்பியில் தொங்கின. பச்சைக் குழந்தையின் தோல் போன்ற வெளிர் நிறம். உள்ளே ஒருவர் மெல்லிய மரப்பலகை ஒன்றை இரண்டு விரல்களில் ஓரத்தில் பிடித்து, காதருகே வைத்து, மறு கை விரல் முட்டியால் தட்டினார். கேட்டார். சீவுளியால் ஓரிடத்தில் இழுத்தார். காகிதத்தைவிட மெல்லிய சுருள் ஒன்று விழுந்தது. மறுபடி தட்டினார். எங்களோடு வந்த பத்து வயதுப் பெண், தன் வயலினையும் இப்படி ஒருவர் தட்டிப் பார்த்திருப்பாரா என்று அம்மாவிடம் கேட்டாள். பாலுசுவாமி தீட்சிதர் கையில் எடுத்து நம் இசைக்குக் கொண்டுவந்த கருவியை யார் எந்த ஊரில் செய்தார்கள் என்று நானும் அதுவரை யோசித்ததில்லை.

ஊரின் மற்றொரு பக்கத்தையும் படித்தோம். மிட்டன்வால்ட் மலைப் படையினரின் ஊர். 1957இல் ஹோஹர் பிரெண்டன் குன்றின் மேல் அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். 1943 செப்டம்பரில் கிரேக்கத்தின் கெஃபலோனியா தீவில், சரணடைந்த இத்தாலிய வீரர்களை ஜெர்மன் மலைப் படையினர் கூட்டமாகக் கொன்றார்கள். அதை முன்வைத்து 2000களில் இந்த நினைவுச் சின்னத்தில் நடந்த கூட்டங்களுக்கு எதிராகப் போராட்டங்கள் நடந்தன. 1945 ஏப்ரல் இறுதியில் டாஹாவ் வதைமுகாமிலிருந்து விரட்டப்பட்ட கைதிகளில் ஒரு பகுதியினர் இந்தப் பள்ளத்தாக்கு வரை கொண்டுவரப்பட்டார்கள். குன்றுக்குப் போவதா வேண்டாமா என்று நமக்குள் கருத்து வேறுபாடு வந்தது. விரும்பியவர்கள் போனார்கள், மற்றவர்கள் கீழே காத்திருந்தார்கள். இரு தரப்பும் ஒருவரை ஒருவர் குறை சொல்லாமல் நடந்துகொண்டதற்கு நன்றி.

இனி நிர்வாகம். பவேரியாவில் கெமைண்ட (ஊராட்சி), மார்க்ட் (சந்தை ஊர்), ஷ்டாட் (நகரம்) என்று ஊர்களுக்கு மூன்று பெயர்கள். சந்தை நடத்தும் உரிமை பெற்ற ஊர் மார்க்ட். அந்தப் பெயர் இன்று மரியாதைக்குத்தான், கடமைகள் எல்லா ஊராட்சிகளுக்கும் ஒன்றே. மிட்டன்வால்ட் அடங்கிய கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஹென் மாவட்டத்தில் மார்க்ட் மூன்று இருக்கின்றன, நகரம் என்ற பட்டம் பெற்றது ஒன்றுகூட இல்லை. 5,000க்கு மேல் 10,000 வரை மக்கள் உள்ள ஊருக்கு மன்ற உறுப்பினர்கள் 20 பேர். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டுக்கும் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். அண்மையில் மார்ச் 8 அன்று மாநிலம் முழுவதும் நடந்தது.

குடியுரிமை பெற்ற நம் உறுப்பினர்கள் சிலர் அன்று முதல்முறையாக வாக்களித்தார்கள். அதற்கு முந்தைய கூட்டத்தில் மாதிரி வாக்குச்சீட்டை விரித்துவைத்துப் பழகினோம். சீட்டு மேசையையே மூடியது. மன்றத்தில் எத்தனை இடமோ அத்தனை வாக்குகள் ஒவ்வொருவருக்கும் உண்டு. பிடித்தவர் ஒருவருக்கு மூன்று வரை கொடுக்கலாம். ஒரு கட்சிப் பட்டியலிலிருந்து இரண்டு பேர், வேறொன்றிலிருந்து நான்கு பேர் என்று கலந்தும் கொடுக்கலாம். 20 இடங்கள் உள்ள மன்றத்துக்கு, மொத்தம் மட்டும் 20ஐத் தாண்டினால் சீட்டு செல்லாது. முதல் பயிற்சியில் நானே 22 போட்டேன்.

வாக்குரிமை இல்லாதவர்களுக்கு, அதாவது இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம்மில் பெரும்பாலோருக்கு, ஒரு செய்தி. இந்த ஆண்டு நாம் கற்றதில் என்னை அதிகம் உலுக்கியது இதுதான். பவேரிய ஊராட்சிச் சட்டப்படி மேயர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஊர்மக்கள் கூட்டத்தைக் கூட்ட வேண்டும். அதற்கு ப்யூர்கர்ஃபெர்சாம்லுங் என்று பெயர். அங்கே கைதூக்கி வாக்களிப்பது வாக்குரிமை உள்ளவர்கள் மட்டுமே. ஆனால் எழுந்து பேசும் உரிமை அந்த ஊரில் குடியிருக்கும் எல்லோருக்கும் உண்டு, பாஸ்போர்ட்டின் நிறம் எதுவானாலும். கூட்டம் ஏற்கும் பரிந்துரையை மூன்று மாதத்திற்குள் மன்றம் எடுத்துப் பேசியாக வேண்டும். 11 ஆண்டுகளாக இந்த நாட்டில் வரி கட்டுகிறேன். என் ஊரில் ஆண்டுதோறும் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஒருமுறைகூட நின்று படித்ததில்லை. நவம்பரில் முதல்முறையாகப் போனேன். பள்ளிக்கு அருகிலுள்ள நிறுத்தத்தில் மாலை பஸ் இல்லாததைச் சொன்னேன். என் ஜெர்மன் இலக்கணம் இரண்டு இடத்தில் தவறியது. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் திரும்பி, சரியாகச் சொன்னீர்கள் என்றார். பரிந்துரை ஏற்கப்பட்டது. மன்றம் ஜனவரியில் அதைப் பேசியது. முடிவு இன்னும் வரவில்லை.

ஆகவே நிர்வாகக் குழு சார்பில் ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். உறுப்பினர் ஒவ்வொருவரும் வரும் ஆண்டில் தாம் குடியிருக்கும் ஊரின் கூட்டத்திற்கு ஒருமுறை போய்வர வேண்டும். மொழி தயக்கம் உள்ளவர்களுடன் துணைக்கு ஒருவர் வருவார். கேள்வியை முன்கூட்டியே எழுதித் திருத்திக்கொள்ள, கூட்டத்திற்கு முந்தைய வாரம் நம் துணைச் செயலாளர் நேரம் ஒதுக்குவார். கூட்டத் தேதிகளை ஊர்வாரியாகத் திரட்டி செப்டம்பருக்குள் உங்களுக்கு அனுப்புகிறேன்.

அடுத்த ஆண்டுக்குரிய ஊராக முர்னாவ் முன்மொழியப்பட்டிருக்கிறது. வேறு பெயர் இருந்தால் இன்றே சொல்லுங்கள். கார்வென்டல் வரைபடம் இரண்டு பிரதிகள் இன்னும் நூலகப் பெட்டிக்குத் திரும்பவில்லை. வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுச் சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பாருங்கள்.

இந்த அறிக்கைக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

வணக்கம்.

செயலாளர்