இரும்புக்கடைக்காரரின் மகன்

காரைக்குடி

அன்புள்ள கதிர்,

நீ விட்டுச் சென்ற பென் டிரைவில் இருந்த பழைய ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் படங்களை இந்த மழை வாரத்தில் இரவுதோறும் பார்த்து முடித்தேன். பார்த்ததோடு நிற்காமல் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தும்விட்டேன்.

அவருடைய அப்பாவும் என்னைப் போல இரும்புக்கடைக்காரர் என்று நீ சொல்லவே இல்லையே! பென்சில்வேனியாவில் இண்டியானா என்ற சிற்றூர். மகன் கடைக்கு வருவான் என்று அவர் காத்திருந்தார். மகனோ பிரின்ஸ்டனில் கட்டடக்கலை படித்து, 1932இல் பட்டம் வாங்கிய கையோடு நாடக மேடைக்குப் போய்விட்டார். அங்கிருந்து ஹாலிவுட். 1940இல் வந்த ஒரு படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்தச் சிலை பல ஆண்டுகள் எங்கே இருந்தது தெரியுமா? ஆணியும் கீலும் வாங்க வருகிறவர்கள் பார்க்கும்படி, அப்பாவின் கடைக் கண்ணாடிக்குப் பின்னால்.

அடுத்த ஆண்டே பட்டாளத்தில் சேர்ந்தார். உயரத்துக்கேற்ற எடை இல்லை என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். விடாமல் மறுபடியும் போய்ச் சேர்ந்தார். குண்டுவீச்சு விமானத்தில் 20 முறை போர்முனைக்குப் பறந்திருக்கிறார். ஊர் திரும்பிய பிறகு, பட விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட வரக்கூடாது என்று கறாராக இருந்தாராம். எனக்கு அவர் மேல் மதிப்பு வந்த இடம் அது.

போருக்குப் பின் நடித்த முதல் படம் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்', 1946. வெளிவந்தபோது போட்ட பணம் திரும்பவில்லை. மதுக்கடையில் தனியாக உட்கார்ந்து கடவுளிடம் வழி கேட்டு அழுவாரே, அந்தக் காட்சியை மூன்று முறை பார்த்தேன். அழுகை அவரை மீறி வந்தது என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். மறுபடி எடுத்தால் அது வராது என்பதால், இயக்குநர் காப்ரா எடுத்த காட்சியையே பெரிதாக்கி முகத்தை நெருக்கத்தில் காட்டினாராம். நல்லவன் வேடம் எளிது, சிரித்த முகம் போதும் என்றுதான் இத்தனை நாள் எண்ணியிருந்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மாட்டேன்.

இயக்குநர் ஹிட்ச்காக் எடுத்த படங்களில், அவர் ஜன்னல் வழியே அக்கம்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் 'ரியர் விண்டோ' பிடித்தது. 'வெர்டிகோ' பிடிக்கவில்லை. ஒரு பெண்ணின் மேல் வெறி கொண்டவராக அந்த மனிதரைப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

போருக்குக் கிளம்பியபோது அவருடைய அப்பா வாயால் எதுவும் சொல்ல முடியாமல், பைபிளின் 91ஆம் சங்கீதத்தோடு ஒரு கடிதத்தைக் கொடுத்து அனுப்பினாராம். அதைப் படித்ததிலிருந்து எனக்கு நீ ரயில் ஏறிய நாள்தான் நினைவு. தண்ணீர் வாங்கினாயா என்பதைத் தவிர உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

உன் தாத்தா இறந்தபோது எனக்கு 22 வயது. 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தில் அவர் நடித்த ஜார்ஜ், அப்பா இறந்ததும், ஊரைவிட்டுப் போக வாங்கிய பெட்டியோடு நின்றுவிடுவானே, அதைப் போலத்தான் நானும் கடையில் நின்றேன். நீயும் நிற்கவேண்டும் என்று மூன்று வருடம் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது தவறு கதிர். நீ படத்தொகுப்பு படிக்கப் போனதில் எனக்குச் சந்தோஷம்தான். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், உன்னிடம்தான் சொல்லவில்லை.

நீ தொகுத்த அந்தக் குறும்படத்தை அனுப்பு. அம்மாவுக்கும் பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா