முந்துவதற்கு இரவல் கண் உதவாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வளைவுகள் மிகுந்த சாலைகளில் நேரும் விபத்துகளுக்குப் பெரும்பாலும் 'அதிவேகம்' என்ற ஒற்றைச் சொல்லையே காரணமாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். அத்தகைய சாலைகளில் பல ஆண்டுகளாகக் கார் ஓட்டிவரும் எனக்கு வேகத்தைவிட அதிக அச்சம் தருவது, எதிர்ப்புறத்தைத் தாம் பார்க்காமல், முன்னால் செல்பவர் பார்த்திருப்பார் என்று நம்பி முந்தும் பழக்கமே.

சென்ற மாதம் சுமை ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால் நான்கு கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தோம். சாலை சற்றே நேரானதும் முதல் கார் முந்தியது. இரண்டாவது அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போனது. மூன்றாவது கார் லாரிக்கு இணையாக வந்தபோது அடுத்த வளைவில் பேருந்தின் முகப்பு தெரிந்தது. லாரி ஓட்டுநர் பிரேக்கை அழுத்தி, ஒரு பக்கச் சக்கரங்களை ஓரத்து மண்ணில் இறக்கியதால்தான் அந்தக் கார் உள்ளே நுழைய இடம் கிடைத்தது.

கணக்கைப் பார்த்தால் இதன் விபரீதம் விளங்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் 10 மீட்டர் நீள லாரியை 60 கிலோமீட்டர் வேகத்தில் முந்துவதாகக் கொள்வோம். முன்னும் பின்னும் 20 மீட்டர் இடைவெளி விட்டு முந்தி முடிக்க ஏறத்தாழ 10 நொடி ஆகும். அதற்குள் நம் கார் 160 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். எதிரே வருபவரும் அதே வேகத்தில் வந்தால் அவரும் அவ்வளவு தூரம் நெருங்கியிருப்பார். ஆகவே, குறைந்தது 320 மீட்டர் சாலையாவது கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். ஏற்றத்தில் இழுக்கத் திணறும் வண்டிக்கு அதுவும் போதாது.

லாரியின் இண்டிகேட்டரும் இரவல் கண்தான். 'முந்திக்கொள்' என்பதற்கும் 'நான் திரும்பப் போகிறேன்' என்பதற்கும் ஒரே விளக்கு மினுக்கினால், பின்னால் வருபவர் எதை நம்புவது? பெரிய வண்டியை ஒட்டியே ஓட்டினால் அதன் பின்கதவைத் தவிர வேறொன்றும் தெரியாது. சற்றுப் பின்தங்கினால்தான் சாலை விரிந்து தெரியும். கொண்டை ஊசி வளைவில் நீண்ட வண்டியின் பின்சக்கரங்கள் உட்புறம் வெட்டிச் செல்லும் என்பதால், அந்த இடுக்கில் மூக்கை நுழைக்கும் இருசக்கர வாகனத்தினர் நசுங்கும் ஆபத்தும் உண்டு.

மெதுவாகச் செல்வோர்மீதும் எனக்குக் குறை உண்டு. பின்னால் வண்டிகள் சேர்வதைக் கண்ணாடியில் பார்த்தும் அகலமான இடத்தில் ஒதுங்காதவரும், முந்தும்போது வீம்புக்கு வேகமெடுப்பவரும் பிறரை அவசரத்துக்குத் தூண்டுகிறார்கள். அன்றைய லாரி ஓட்டுநர் அப்படிப்பட்டவர் அல்லர். அடுத்த அகலமான இடத்திலேயே ஒதுங்கி நின்று எனக்குக் கையசைத்தார். நானும் நன்றியாகக் கையை உயர்த்தினேன். ஆனால் வளைவுக்கு அப்பால் ஒன்றும் வரவில்லை என்பதை என் கண்ணால் பார்த்த பிறகே காரை நகர்த்தினேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்