ராணுவ ஆட்சி வந்தால்தான் நாடு உருப்படும் என்போருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

"ஒரு அஞ்சு வருஷம் மிலிட்டரிகிட்ட நாட்டைக் கொடுத்துப் பாருங்க, எல்லாம் நேராயிடும்" என்று டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் சொல்லி வருகிறீர்கள். நைஜீரியச் சிப்பாய்கள் சவுக்கோடு ஜனங்களை வரிசையில் நிறுத்தும் வீடியோவையும் பகிர்கிறீர்கள். அப்படிக் கொடுத்துப் பார்த்த நாடு நைஜீரியா. அதிலும் முகமது புஹாரி, இரண்டு விதமாகவும் ஆண்டு காட்டியவர்: 1983 டிசம்பர் 31 ராணுவப் புரட்சியில் வந்து 20 மாதம், 2015 தேர்தலில் வென்று 8 ஆண்டு. கை சுத்தம் என்று பேர் எடுத்தவர். நம் குன்னூரை அடுத்த வெலிங்டன் ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் 1973இல் படித்தவர். (அவருக்கு முன்பே ஒபாசாஞ்சோவும் அங்கே படித்திருக்கிறார். ராணுவ ஆட்சித் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபராகவும் நைஜீரியாவை ஆண்ட இருவருக்குமே நீலகிரி தெரியும்.)

நீங்கள் கேட்கும் ஒழுங்கு 1984 மார்ச்சில் வந்தது. "ஒழுங்கீனத்துக்கு எதிரான போர்" என்று பெயர். பஸ் நிறுத்தத்தில் சவுக்கோடு சிப்பாய் நின்றான், ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். வேலைக்குத் தாமதமாக வந்த அரசு ஊழியரைத் தவளைபோல் குதிக்கவிட்டார்கள். பரீட்சையில் காப்பியடித்தால் 21 ஆண்டு சிறை என்று சட்டம் வந்தது. நீங்கள் பகிரும் வீடியோவில் காட்டப்படுவது இதுவரைதான்.

மீதியையும் பாருங்கள். ராணுவ அரசு சட்டமாகப் பிறப்பித்த ஆணை எண் 2, யாரையும் குற்றச்சாட்டே இல்லாமல் அடைத்து வைக்கலாம் என்றது. நீதிமன்றம் ஏன் என்று கேட்க முடியாது. ஆணை எண் 4, அரசு அதிகாரியைக் கேலிக்கு ஆளாக்கும் செய்திக்குச் சிறை என்றது. தூதர் நியமனங்களைப் பற்றி எழுதிய இரண்டு நிருபர்கள் ஓராண்டு உள்ளே போனார்கள். ஆணை எண் 20 இன்னும் மோசம். போதைப்பொருள் வழக்கில் சிக்கிய மூன்று இளைஞர்களை 1985 ஏப்ரலில் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் பிடிபட்ட நாளில் அந்தக் குற்றத்துக்கு மரண தண்டனையே கிடையாது. பிறகு வந்த ஆணையை முன்தேதியிட்டுப் பொருத்தினார்கள்.

இனி நோட்டுக் கதை. இரண்டு ஆட்சியின் வித்தியாசமும் இதில்தான் துல்லியமாகத் தெரிகிறது. 1984இல் பதுக்கிய பணத்தையும் எல்லை தாண்டிய நைராவையும் (நைஜீரியப் பணம்) செல்லாக்காசாக்க, நோட்டுகளின் நிறத்தை மாற்றினார் புஹாரி. எல்லையை மூடி, மாற்றிக்கொள்ளச் சில நாள்களே அவகாசம் கொடுத்தார். தவறவிட்டவன் பணம் போனது போனதுதான்; முறையிட இடமில்லை.

2022 அக்டோபரில் அதே மருந்து மறுபடி. 200, 500, 1000 நைரா நோட்டுகள் புது நிறத்தில் வரும், பழையவை ஜனவரி 31 வரைதான் என்று மத்திய வங்கி அறிவித்தது. புழக்கத்தில் இருந்த 3.23 லட்சம் கோடி நைராவில் 2.73 லட்சம் கோடி வங்கிக்கு வெளியே கிடக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். பழையதை உறிஞ்சிய வேகத்தில் புதியதை அச்சடித்துத் தரவில்லை. கெடு பிப்ரவரி 10 வரை தள்ளிப்போயும் ஏடிஎம்கள் காலியாகவே கிடந்தன. கார்டைத் தேய்த்தால் காசு தரும் தெருவோர பிஓஎஸ் முகவர்களிடம் பணம் எடுக்கப் போனவன் நோட்டுக்கே கமிஷன் கொடுக்க வேண்டியிருந்தது. காசாகவே வாங்கி விற்கும் சந்தைக்காரர்களுக்குத்தான் பலத்த அடி.

இந்தத் தடவை முறையிட இடம் இருந்தது. கடுனா, கோகி, ஸம்ஃபாரா மாநிலங்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. மூன்றையும் ஆண்டது புஹாரியின் சொந்தக் கட்சி! பிப்ரவரி 8இல் அந்தக் கெடுவுக்கு இடைக்காலத் தடை வந்தது. புஹாரிக்குப் பழைய புத்தி போகவில்லை. 16ஆம் தேதி தொலைக்காட்சியில் தோன்றி, பழைய 200 நைரா மட்டும் செல்லும் என்றார். மார்ச் 3 அன்று நீதிமன்றம் அதைத் தள்ளி, எல்லாப் பழைய நோட்டும் டிசம்பர் 31 வரை செல்லும் என்று தீர்ப்பளித்தது. பத்து நாள் இழுத்தடித்துவிட்டு மத்திய வங்கி பணிந்தது.

டாலர் விலையிலும் அவர் மாறவில்லை. 1984இல் நைராவின் மதிப்பைக் குறைக்கச் சொன்ன பன்னாட்டு நாணய நிதியத்துக்கு மறுத்தார். 2015இல் எண்ணெய் விலை சரிந்தபோதும் டாலருக்கு 197 நைராவிலேயே பிடித்து நிறுத்தினார்கள். பல்குத்தும் குச்சி உட்பட 41 வகைச் சரக்குகளை இறக்குமதி செய்ய வங்கியில் டாலர் கிடையாது என்றார்கள். வெளிச்சந்தையில் டாலர் 300ஐத் தாண்டியது. செல்வாக்குள்ளவன் 197க்கு வாங்கி வெளியே விற்றால், வியர்வை சிந்தாமல் நூறு நைரா லாபம். தலைவர் நேர்மையானவர், அவர் கட்டிய விலையோ ஊழலுக்குத் தீனி. 2016 ஜூனில் அந்த விலையைக் கைவிட்டார்கள். அந்த ஆண்டே 25 ஆண்டுகளில் முதல்முறையாகப் பொருளாதாரம் சுருங்கியது.

தேர்தல் வந்ததால் அவர் புனிதராகிவிட்டார் என்று நாங்கள் சொல்லவில்லை. நீதிமன்றங்கள் பலமுறை ஜாமீன் கொடுத்தும் முன்னாள் தேசியப் பாதுகாப்பு ஆலோசகரை 2019 டிசம்பர் வரை விடவில்லை. தன் பதிவை நீக்கிய ட்விட்டரை 2021இல் ஏழு மாதம் முடக்கினார். மருத்துவமனைகள் வெறும் ஆலோசனை அறைகளாகிவிட்டன என்பது 1983 புரட்சி அறிவிப்பில் சொன்ன காரணங்களில் ஒன்று. அதிபரான பிறகு அவரே 2017இல் நூறு நாளுக்கு மேல் லண்டனில் சிகிச்சையில் இருந்தார்.

வெளியேறிய விதத்தையும் கவனியுங்கள். 1985 ஆகஸ்டில் அவரைக் கவிழ்த்தவர் சக அதிகாரி பாபங்கிடா. புஹாரி விசாரணை இல்லாமல் 1988 டிசம்பர் வரை காவலில் கிடந்தார். 2003, 2007, 2011 தேர்தல்களில் தோற்றபோது வழக்குப் போட்டார், மறுபடி நின்றார். தன் சொந்த வடக்கின் வாக்கு மட்டும் போதாது, மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில் 25 விழுக்காடு வாக்கு வேண்டும் என்ற விதியால், தென்மேற்கின் அரசியல் தலைவர் டினுபுவோடு 2013இல் கட்சிகளை இணைத்து, 2015இல் 1.54 கோடி வாக்குகளோடு வென்றார். 2023 மே 29இல் பதவியை ஒப்படைத்துவிட்டுச் சொந்த ஊர் டவுராவுக்குப் போனார்.

அடுத்த முறை அந்தச் சவுக்கு வீடியோவைப் பகிரும்போது, ஆணை எண் 2, 4, 20 ஆகியவற்றையும் கீழே சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
மேற்கு ஆப்பிரிக்க அரசியலைத் தொடர்ந்து வாசிக்கும் சிலர்